ஐ.நா. பல்லுயிர்க் கூட்டங்களில் வீட்டிலிருந்தபடியே பொதுமக்கள் கலந்துகொள்ள முடியுமா? அதனால் ஏதாவது மாறுமா?

முடியும். மாறவும் செய்யும். ஆனால் நேரலையில் உட்கார்ந்து பார்ப்பதால் மட்டும் எதுவும் மாறாது. எனக்கு இது புரிய ஒன்றரை வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஜனவரி முதல் பங்குனி வரை, சனிக்கிழமை இரவுகளில், பெசன்ட் நகர்ப் பக்கம் ஆமை முட்டை தேடி மணலில் நடக்கிறவர்களில் ஒருத்தி. உலகம் ஆலிவ் ரிட்லி என்று சொல்லும் ஆமைக்கு நம் கரையில் பங்குனி ஆமை என்று பேர். முட்டையிட வரும் மாதத்தையே பேராக வைத்திருக்கிறார்கள் மீனவர்கள். இந்த ஆமைதான் என்னை அந்தக் கூட்டங்கள் வரை இழுத்துக்கொண்டு போனது.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. சென்னையில் முழு ஊரடங்கு, ராத்திரி பகலாக ஆம்புலன்ஸ் சத்தம். எங்கள் ஆமை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு இணைப்பை அனுப்பினார். பல்லுயிர் உடன்படிக்கையின் அறிவியல் ஆலோசனைக் குழு இணையவழியாகக் கூடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று. 1992-ல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஒப்பந்தம் இது. இன்று 196 உறுப்பினர்கள். செயலகம் கனடாவின் மாண்ட்ரியலில். 2020-ல் சீனாவின் குன்மிங்கில் நடக்க வேண்டிய பெரிய மாநாடு தொற்றால் தள்ளிப்போக, அதற்கு முந்தைய ஆயத்தக் கூட்டங்களை மே தொடக்கத்திலிருந்து ஜூன் பாதி வரை கணினித் திரையிலேயே நடத்தினார்கள்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர் ஒவ்வொரு நாடாகக் கூப்பிடுகிறார். ஒரு பிரதிநிதி பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலி அறுந்துபோகிறது. அவரைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போகிறார்கள், அப்புறம் திரும்பி வருகிறார்கள். ஐ.நா.வின் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழோ இந்தியோ அந்த ஆறில் கிடையாது. சர்ச்சை எல்லாம் வரைவு வாசகத்தில் இருக்கும் சதுர அடைப்புக்குறிகளைச் சுற்றித்தான். நாடுகளுக்குள் உடன்பாடு வராத சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். உடன்பாடு வந்தால் குறி போகும், இல்லாவிட்டால் சொல் போகும். இது பிடிபட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சொல் உள்ளே நிற்கிறதா வெளியே போகிறதா என்று ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசுவது வேறு விஷயம். தனி ஆளாக நீங்களோ நானோ ஒலிவாங்கி கேட்க முடியாது. பல்லுயிர்ப் பாதுகாப்பு சார்ந்த துறைகளில் வேலை செய்யும் அமைப்புகள் செயலகத்துக்கு விண்ணப்பித்துப் பார்வையாளர் தகுதி பெறலாம். கூட்டத்தில் இருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தாலொழிய அவர்களை அனுமதிக்கலாம் என்று ஒப்பந்தத்தின் 23-வது பிரிவே சொல்கிறது. அந்த அமைப்பு உங்களைத் தன் பிரதிநிதியாக அனுப்பினால் நீங்கள் உள்ளே. அப்போதும் நாடுகள் பேசி முடித்த பிறகுதான் பார்வையாளர்களின் முறை. பழங்குடி மக்களின் கூட்டமைப்பு, பெண்கள் குழு, இளைஞர் வலையமைப்பு என்று வரிசை. நேரம் தீர்ந்துவிட்டால் "எழுத்தில் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. பார்வையாளர் ஒரு வாசகத்தை முன்மொழிந்தால், ஏதாவது ஒரு நாடாவது "நாங்கள் ஆதரிக்கிறோம்" என்று சொன்னால்தான் அது வரைவுக்குள் ஏறும். அந்த ஒரு நாட்டைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. அது கூட்ட நாளில் நடப்பதில்லை, பல மாதம் முன்பே நடக்கிறது.

சரி, நம்மால் என்ன முடியும்? எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்ல, பழவேற்காட்டுக்குப் போக வேண்டும்.

2021 ஜூலையில் புதிய உலகச் சட்டகத்தின், அதாவது பல்லுயிரைக் காக்க நாடுகள் சேர்ந்து ஏற்கும் இலக்குகளின் பட்டியலின், முதல் வரைவு வெளியானது. அதில் மூன்றாவது இலக்கு, நிலத்திலும் கடலிலும் குறைந்தது 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை, ஆமைக்கு நல்ல காலம் என்றே நினைத்தேன். அந்த ஒரு பத்தியைத் தமிழில் எழுதி, பழவேற்காட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவள் அப்பா, சித்தப்பா, அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர். ஏரியில் வலை கட்டுகிறவர்கள். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவள் சித்தப்பா கேட்டார்: "டீச்சர், இந்த முப்பதுல எங்க பாடு வருதா?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் பாடு என்பது வலை கட்டும் இடமும் முறையும். இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரார் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருத்தருக்கே நிலைக்காது, சுற்றி வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏரியில் இறங்கி அரித்துவிடாமல் இருக்க அந்த மக்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் ஒழுங்கு அது. அதே ஏரியில்தான் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு ஆமையோ பூநாரையோ நினைவுக்கு வரவில்லை. வேலியும் வழக்கும்தான் வந்தன. அவர் கேட்டது நியாயம். நான் திரும்ப வந்து அந்த வரைவின் மூன்றாவது இலக்கை வரி வரியாகப் படித்தேன். "உரிமை" என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நியாயமான முறையில் நிர்வகிக்கப்படும் என்ற அளவோடு நின்றுவிட்டது.

அந்தக் கேள்விதான் எங்கள் குழு எழுத்தில் அனுப்பிய கருத்துக்கு முதல் வரி ஆனது. பார்வையாளர் தகுதி உள்ள ஒரு அமைப்பின் வழியாக அனுப்பினோம். வடிவம் எளிமையானது: எந்தப் பக்கம், எந்த வரி, என்ன கருத்து என்று ஒரு அட்டவணை. நாங்கள் முதலில் நாலு பக்கத்துக்கு ஆதங்கத்தைக் கொட்டி எழுதியிருந்தோம். அனுபவம் உள்ள ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வரியில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று எழுதுங்கள், காரணத்துக்குப் பழவேற்காட்டை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்றார். அப்படியே செய்தோம். யாராவது இந்த வேலையில் இறங்கினால் அவர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். பேரம் பேசுகிறவர்களுக்கு நேரம் கிடையாது, அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய வாசகம்தான் அவர்களுக்கு உதவும்.

குன்மிங்கில் நடக்க வேண்டியிருந்த அந்தப் பெரிய மாநாடு 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடி, இறுதி வாசகத்தை நிறைவேற்றியது. அதன் மூன்றாவது இலக்கில், பழங்குடி மக்கள், உள்ளூர்ச் சமூகங்கள் ஆகியோரின் உரிமைகளை, அவர்களுடைய பாரம்பரிய நிலப்பரப்புகள் மீதான உரிமைகள் உட்பட, அங்கீகரித்து மதிக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் கடிதத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பழங்குடிப் பிரதிநிதிகள் பல வருடமாக விடாமல் கேட்டு, ஆதரிக்கும் நாடுகளைச் சேர்த்து வாங்கிய வரி அது. ஆனால் முதல் வரைவையும் இறுதி வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வெளியிலிருந்து வரும் குரலுக்கு அந்த அறையில் இடம் இருக்கிறதா என்ற சந்தேகம் போய்விடும்.

நேரலைக்கும் ஒரு மதிப்பு உண்டு. டிசம்பர் 19 அன்று அந்தச் சட்டகத்தை நிறைவேற்றியபோது அங்கே பின்னிரவு மூன்றரை மணி அளவு. நமக்கு மதியம் இரண்டு. பள்ளி ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பார்த்தேன். காங்கோ ஜனநாயகக் குடியரசின் பிரதிநிதி நிதி ஏற்பாட்டில் தங்களுக்கு உடன்பாடு இல்லை என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் தலைவர் சுத்தியலைத் தட்டி, நிறைவேறியதாக அறிவித்துவிட்டார். நல்ல ஒப்பந்தம்தான், எனக்கு அதில் மகிழ்ச்சி. ஆனாலும் அந்தத் தட்டல் என்னை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. உலகம் முழுக்கப் பலர் அதைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதால்தான் அது பேசப்பட்டது.

ஆனால் இணையம் இருந்தால் போதும், நேரில் கூட வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 இணையக் கூட்டங்களில், இணைய வசதி குறைந்த நாடுகள், குறிப்பாக ஆப்பிரிக்க நாடுகள், இப்படித் திரை வழியாக இறுதி முடிவு எடுப்பது சரியல்ல என்று உறுதியாக நின்றன. அதனால் வாசகங்களை முடிக்காமல் வைத்து, 2022 மார்ச்சில் ஜெனீவாவில் நேரில் கூடித்தான் அந்த ஆயத்தக் கூட்டங்களை முடித்தார்கள். அரசுப் பிரதிநிதிகளுக்கே அந்த நிலைமை என்றால், ஏரிக்கரையில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு இருப்பவர் என்ன செய்வார்? அவர் விடியற்காலை வலைக்குப் போகிறவர். மாண்ட்ரியலில் காலை பத்து மணி என்றால், டிசம்பரில் இங்கே இரவு எட்டரை. அவர் தூங்கப்போகும் நேரம்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது உள்ளூர். அந்தக் கூட்டத்தில் நம் சார்பில் பேசுவது இந்திய அரசு, அதாவது சுற்றுச்சூழல் அமைச்சகம். 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி அமைந்த தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் நம் தரமணியில்தான் இருக்கிறது, பலருக்கும் இது தெரியாது. அதே சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு ஊர் மக்களோடு சேர்ந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரில் உள்ள உயிரினங்களையும் அவை பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதிவைக்கும் ஏடு, தயாரிக்க வேண்டும். எங்கள் பகுதிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மூன்று மேசை மாற்றினார்கள். நாலாவது மேசையில் இருந்தவர், "அது என்னங்க மேடம்?" என்று என்னையே கேட்டார். கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. மாண்ட்ரியல் சட்டகத்தின் 22-வது இலக்கு, முடிவெடுப்பதில் பங்கேற்பும் தகவலும் நீதியும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த வரி உண்மையாக வேண்டிய இடம் அந்த நாலாவது மேசைதான்.

அப்புறம் மொழி. 2020-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். யாரோ ஒருவர் வழக்குப் போட்டதால் வந்த உத்தரவு அது. உலக ஒப்பந்தங்களுக்கு அப்படி யாரும் வழக்குப் போட முடியாது. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். ஒரு இலக்கு, ஒரு பத்தி, ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதி, அது யாரைத் தொடுகிறதோ அவரிடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுங்கள். நான் கற்றதெல்லாம் பழவேற்காட்டில் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.

அடுத்த மாநாடு 2026 அக்டோபரில் ஆர்மீனியாவின் யெரெவானில். நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே காலை பத்து மணிக்கு அமர்வு தொடங்கினால் இங்கே பதினொன்றரை. ஏலம் முடிந்து, கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கும் நேரம் அது. மாணவியின் வீட்டுத் திண்ணையில் ஒரு திரை கட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பேசப்படுவதை நான் கூடவே இருந்து தமிழில் சொல்ல வேண்டும். இந்த முறை வரைவு வெளியானதும், அட்டவணையை அவர்களோடு உட்கார்ந்துதான் நிரப்பப் போகிறேன். பாடு என்ற சொல்லை அப்படியே பாடு என்றே எழுத வேண்டும் என்று அவள் சித்தப்பா இப்போதே சொல்லிவிட்டார்.