சீருடை அணிந்தோரை இழந்த வீடுகள்: கேள்வி பதில்

முப்படையினரை இழந்த குடும்பங்களும் ஓய்வுபெற்ற படையினரும் அயலவர்களும் அனுப்பிய கேள்விகளுக்குக் கொழும்பில் பணியாற்றும் உளவளத்துணையாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (கொம்பனித்தெரு): இராணுவத்தில் இருந்த என் நானா 2000இல் ஆனையிறவுச் சமரில் காணாமற்போனார். ஜனாஸா கிடைக்கவில்லை. உம்மா இன்றும் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவருக்கென ஒரு சாரம் வாங்கி அலுமாரியில் வைக்கிறார். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். உடலைக் காணாத தாயின் மனத்தில் மகன் இருக்கிறான் என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகவே வாழும். ஒன்றைக் கைவிடும்படி வற்புறுத்தினால், தானே மகனைக் கைவிட்டுவிட்டதாக அவர் உணர்வார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், இத்தகைய இழப்பில் துயரம் முடங்கிக் கிடப்பதற்குக் காரணம் துயரப்படுபவரின் பலவீனமன்று, முடிவு தெரியாத அந்த நிலைமையே என்று விளக்கினார். எனவே, "இந்த முறை என்ன நிறத்தில் வாங்கினீர்கள், உம்மா?" என்று கேட்டு அருகில் அமருங்கள், பேச்சு தானாகவே மகனிடம் போய்ச் சேரும். இறந்தவருக்காக ஓதும் கத்தம் பற்றி உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், ஆனால் உம்மாவின் சம்மதமில்லாமல் நாள் குறிக்காதீர்கள்.

சொத்து, கொடுப்பனவு போன்ற அலுவல்களுக்காக மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆள் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பதிவாளர் வழங்குவதற்கு 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது. சமரில் காணாமற்போன படையினருக்கும் அது பொருந்தும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பொறுப்பிலும் அவர்கள் அடங்குகின்றனர்.

கேள்வி (வத்தளை): நான் ஓய்வுபெற்ற படைவீரன். என் பக்கத்தில் நின்ற நண்பன் இறந்தான், நான் தப்பினேன். இப்போதுதான் அழுகை வருகிறது. இது இயல்பா?

பதில்: இயல்பே. களத்தில் அழ இடமில்லாமையால் ஒதுக்கிவைத்த துக்கம், சீருடையைக் கழற்றிய பின்னரே பலருக்கு வெளிவருகிறது. தப்பியது உங்கள் குற்றமன்று. தூக்கமின்மை நீடித்தாலோ, குடியை நாடினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, காத்திராமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): கடற்படையில் இருந்த என் கணவர் பணியின்போது விபத்தில் இறந்தார். ஆறு வயது மகளிடம் அப்பா தூர இடத்தில் வேலையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டோம்.

பதில்: இந்த வாரமே உண்மையைச் சொல்லுங்கள், அதை நீங்களே சொல்லுங்கள். அப்பா ஏற்கனவே மாதக்கணக்கில் தூரத்தில் இருந்து திரும்பி வந்து பழக்கப்பட்ட பிள்ளை, இந்த முறையும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "தூங்குகிறார்" என்றால் பிள்ளை தூங்கவே பயப்படும். அப்பாவின் தொப்பியைக் கேட்டால் கொடுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் சிங்களப் பெண்ணின் கணவர், ஓர் இராணுவ வீரர், அண்மையில் காலமானார். நாங்கள் தமிழர், போரில் என் தம்பியை இழந்தவள் நான். போவதற்குக் கால் தயங்குகிறது.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, தம்பியின் இழப்பை மறந்துவிட்டுப் போகும்படி யாரும் உங்களைக் கேட்க முடியாது. ஆயினும் போகலாம் என்பதே என் எண்ணம். போரைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் வாரத்தில் அந்த வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள், இறந்தவருக்காகக் கொடுக்கும் மூன்றாம் மாதத் தானத்துக்குப் பின்னர் எவரும் வரமாட்டார்கள். அப்போது, அவர் ஓய்வூதிய அலுவலாக வெளியே போகும் நாட்களில், பிள்ளைகளைப் பாடசாலை வானில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.