ஒரே பேராயர், அச்சுக்கு அச்சு பார்வை மாறுவது ஏன்?

இங்கிலாந்தின் கேண்டர்பரி பேராயர் வில்லியம் சான்கிராஃப்ட்டின் பழைய செதுக்குப் படங்களில், சிலவற்றில் முகம் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் திரும்பியிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் செப்புத் தகடு. தகட்டில் உளியால் கோடு வெட்டி, பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித்தான் விழும். கவனமான கலைஞர் தகட்டிலேயே திருப்பி வெட்டுவார். ஆனால் ஒரு அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே அவசரமாக நகல் வெட்டினால் முகம் எதிர்ப்பக்கம் போய்விடும்.

சரி, அவசரம் எதற்கு? 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் மதச் சலுகை அறிவிப்பை (அரசுத் திருச்சபையைச் சேராதவர்களுக்கும் வழிபாட்டு உரிமை தருவது) தேவாலயங்களில் வாசிக்கும் ஆணையை எதிர்த்து சான்கிராஃப்ட்டும் ஆறு ஆயர்களும் மனு கொடுத்தார்கள். லண்டன் டவர் கோட்டையில் அடைக்கப்பட்டு, பிறகு நடந்த வழக்கில் ஜூன் 30 அன்று குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பானது. ஊரே கொண்டாடியது. ஏழு பேர் முகமும் ஒரே தாளில் அச்சாகி விற்றது. புகைப்படம் இல்லாத காலத்தில், பேராயரை நேரில் பார்க்காத சாதாரண மக்களுக்கும் அவர் முகம் கிடைத்தது இப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

அப்புறம் ஒன்று: அச்சடிக்க அடிக்கச் செம்புக் கோடுகள் தேயும். மங்கலாக இருப்பது பெரும்பாலும் பிந்தைய அச்சு.