கான்சர்ட் டிஸ்க் வரப்போகிறதா? வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்குப் பிடித்த ராக் குழு ஒரு பெரிய அரங்கில் வாசித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. சுற்றிலும் கேமரா வைத்து எடுத்தார்கள். ப்ளூ-ரே மட்டும் இன்னும் வரவில்லை. இவ்வளவு நாள் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: இந்தத் துறையில் இரண்டு வருடம் பெரிய தாமதமே இல்லை. லெட் செப்பெலின் குழு லண்டன் ஓ2 அரங்கில் வாசித்தது 2007 டிசம்பர் 10-ம் தேதி. 'செலிப்ரேஷன் டே' என்ற பெயரில் அது டிஸ்க்காக வந்தது 2012 நவம்பரில்.

பெரும்பாலும் நேரத்தை விழுங்குவது ஒலிக் கலவைதான். டிரம் செட்டுக்கு மட்டுமே எட்டு, பத்து மைக் இருக்கும். பாடகரின் மைக்கிலும் சிம்பல் சத்தம் புகுந்திருக்கும். ரசிகர்களின் ஆரவாரத்துக்காகக் கூட்டத்துக்குள் தனி மைக்குகள் வைத்திருப்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது; மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு டிரம் அடி பத்தில் ஒரு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதை அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும். அதனால் அந்த டிராக்குகளை முன்னால் நகர்த்திப் பொருத்த வேண்டும். இதையெல்லாம் முடித்த பிறகு ஸ்டீரியோ, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 சரவுண்ட், சில சமயம் மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் என்று தனித்தனிக் கலவைகள் வேறு.

இன்னொரு முட்டுக்கட்டை உரிமை. குழு வேறொருவர் பாட்டைப் பாடியிருந்தால், காட்சியோடு சேர்த்து வெளியிடுவதற்குப் பாடலாசிரியர் தரப்பின் அனுமதி தனியாக வேண்டும். ஒரே ஒரு பாட்டுக்காக முழு டிஸ்க்கும் நிற்பதுண்டு. அப்படி நிற்பது, அந்தப் பாட்டை வெட்டிவிட்டு அவசரமாக வெளியிடுவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: அறிவிப்பில் '1080ஐ' என்று போட்டிருக்கிறார்கள். '1080பி' தானே உசத்தி? ஆர்டர் செய்யாமல் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். வழக்கமான ப்ளூ-ரேயின் விதிப்படி 1080பி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் 1080 வரிகளும் முழுதாக இருப்பது, நொடிக்கு 24 ஃபிரேம் வரைதான். 1080 வரிகளில் 50 அல்லது 60 வேண்டுமானால் 1080ஐ, அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று மாற்றி மாற்றிப் பதிவது ஒன்றே வழி. டிவி கேமராவில் எடுத்த கச்சேரிகளில் பல அப்படி எடுக்கப்பட்டவைதான். டிரம்மரின் குச்சி இறங்குவது நொடிக்கு 60 தடவை பதிவாகியிருக்கும்போது அதை 24-க்குச் சுருக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்த வரிகளைச் சரியாகச் சேர்ப்பது பிளேயர் அல்லது டிவியின் வேலை. அது சொதப்பினால் கிட்டார் கம்பிகளிலும் அசையும் குச்சியின் ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அப்போது பிளேயரின் வெளியீட்டை 1080ஐ என்று வைத்து, சேர்க்கும் வேலையை டிவியிடம் விடுங்கள். அடுத்து 1080பி வைத்து அதே காட்சியைப் பாருங்கள். எதில் கோடு குறைவோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய வெளியீடுகள் சில 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 தடவை) இருக்கும். வட அமெரிக்காவில் விற்கும் பிளேயர்களில் பல இதை ஏற்காது. ரீஜன் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற குறியீடு) பொருந்தியிருந்தும் படம் வராமல் போக இது ஒரு காரணம்.

கேள்வி: டிவிடியில் வைத்திருக்கும் பழைய கச்சேரி ஒன்று 'புதுப்பிக்கப்பட்ட ஹெச்டி' என்று வரப்போகிறது. மறுபடியும் காசு போடலாமா?

பதில்: முதலில் அது எதில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். குவீன் குழு 1981 நவம்பரில் மான்ட்ரியாலில் நடத்திய கச்சேரி 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அதனால்தான் 2007-ல் ப்ளூ-ரேயாகவும் 2024-ல் 4கே டிஸ்க்காகவும் அதைக் கொடுக்க முடிந்தது. பிங்க் ஃபிளாய்டின் 'பல்ஸ்' 1994 அக்டோபரில் லண்டனில் வீடியோவில் பதிவானது. 2022-ல் புதிதாகத் தொகுத்து, சுத்தம் செய்து ப்ளூ-ரேயில் வெளியிட்டார்கள். ஆனால் அந்தக் கால வீடியோ டேப்பில் இருப்பது 480 அல்லது 576 வரிகள். எவ்வளவு மெருகேற்றினாலும் இல்லாத நுணுக்கம் புதிதாக முளைக்காது.

டேப் என்றாலும் ஒலிக்காக வாங்கலாம். டிவிடியில் 5.1 ஒலி பெரும்பாலும் 448 கேபிபிஎஸ் (நொடிக்கு 448 கிலோபிட்) டால்பி டிஜிட்டலாக நசுக்கப்பட்டிருக்கும். ப்ளூ-ரேயில் எல்பிசிஎம், டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ, டால்பி ட்ரூஹெச்டி ஆகிய மூன்று ஒலி வடிவங்களில் எது இருந்தாலும் இழப்பே கிடையாது.

ஃபிலிமில் எடுத்த கச்சேரிகளில் சுருதிப் பிரச்சினையும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை பால் (PAL, ஐரோப்பா, இந்தியாவின் பழைய டிவி முறை) டிவிடியில் 25 ஆக ஓட்டினால் வேகம் 4 சதவீதம் கூடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் பாட்டு ஏறக்குறைய 0.7 அரைச்சுரம் (கிட்டாரில் ஒரு ஃபிரெட் கட்டம் ஓர் அரைச்சுரம்) ஏறிக் கேட்கும். கூடவே கிட்டார் வாசித்துப் பார்த்தால் எந்த ஃபிரெட்டிலும் ஒட்டாது. கண்டுபிடிப்பது எளிது. ப்ளூ-ரேயில் 100 நிமிடம் ஓடுவது டிவிடியில் 96 நிமிடம் என்று இருந்தால், பாட்டு எதுவும் வெட்டுப்படாதபோது, காரணம் இதுதான். இந்த ஒன்றுக்காகவே ப்ளூ-ரேக்கு மாறலாம்.

கேள்வி: டிஸ்க் அட்டையில் டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்று இருக்கிறது. என் ஆம்ப்ளிஃபயர் ரிசீவரில் வெறும் 'டிடிஎஸ்' என்றுதான் வருகிறது. எங்கே கோளாறு?

பதில்: ஆப்டிகல் கேபிள் போட்டிருந்தால் அதுதான் காரணம். அதன் வழியே இழப்பில்லாத சரவுண்ட் ஒலி போகாது. பிளேயரை ஹெச்டிஎம்ஐ கேபிளில் நேராக ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து டிவிக்குக் கொண்டுபோங்கள். பிளேயரை டிவியில் செருகி, டிவியின் ஏஆர்சி வழியாக ஒலியைத் திருப்பி அனுப்பினாலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருந்தால் மட்டுமே முழு ஒலி வரும்.

கேபிள் சரியாக இருந்தும் வரவில்லையா? பிளேயரின் ஆடியோ மெனுவில் 'பிட்ஸ்ட்ரீம்' (டிஸ்க்கின் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) தேர்ந்தெடுங்கள். 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று இருப்பதை அணையுங்கள். மெனு பட்டன் சத்தத்தையும் விளக்கவுரையையும் கலப்பதற்காக உள்ள வசதி அது. கச்சேரிக்குத் தேவையில்லை, அது ஓடினால் பிளேயர் மூல ஒலியை அப்படியே அனுப்பாது. டைனமிக் ரேஞ்ச் கட்டுப்பாடு (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) 'ஆட்டோ'வில் இருந்தால் அதையும் அணையுங்கள், டிரம்முக்கு உயிர் வரும்.

டிஸ்க்கின் மெனுவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இசை டிஸ்க்குகளில் பல ஸ்டீரியோவில்தான் தொடங்கும், 5.1 வேண்டுமென்றால் நாம்தான் மாற்ற வேண்டும். உங்களிடம் இரண்டே ஸ்பீக்கர் என்றால் ஸ்டீரியோவிலேயே விடுங்கள். பிளேயர் 5.1-ஐச் சுருக்கிக் கொடுப்பதைவிட, இரண்டு ஸ்பீக்கருக்கென்றே கலந்த டிராக்கில் குரலும் பேஸும் நல்ல நிதானத்தில் நிற்கும்.

கேள்வி: மேடையில் புகை வரும்போதும் விளக்குகள் பளிச் பளிச் என்று வெட்டும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அநேகமாக மாற்றி வந்த டிஸ்க்கிலும் இதே இடத்தில் இதேதான் நடக்கும். முந்தைய ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமிப்பதுதான் வீடியோ சுருக்கத்தின் அடிப்படை. ஸ்ட்ரோப் விளக்கு வெட்டும்போது படம் முழுக்கவே மாறிவிடுவதால் அந்த வித்தை எடுபடுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 ஜிபி டிஸ்க்கில் இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து சராசரி 22 எம்பிபிஎஸ் (நொடிக்கு 22 மெகாபிட்). ஒலி டிராக்குகள் தம் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் படத்துக்கு. ப்ளூ-ரேயில் வீடியோ மட்டுமே 40 எம்பிபிஎஸ் வரை போகலாம். நீளமான கச்சேரிக்கு 50 ஜிபி டிஸ்க்தான் சரி, அல்லது இரண்டு டிஸ்க்காக வர வேண்டும்.

கருஞ்சிவப்பு, நீல ஒளியில் முகம் மங்கலாகத் தெரிவது வேறு விஷயம். ப்ளூ-ரேயில் நிறத் தகவல், வெளிச்சத் தகவலில் கால் பங்கு அளவே பதிவாகிறது. நிறம் மட்டுமே இருக்கும் காட்சியில் அது அப்பட்டமாகத் தெரியும். டிவியில் ஷார்ப்னஸ் ஏற்றி வைத்திருந்தால் கட்டங்கள் இன்னும் துருத்தும், அதைக் குறையுங்கள்.

கேள்வி: 4கே டிஸ்க்கா, சாதாரண ப்ளூ-ரேயா, எதற்கு முன்பதிவு செய்வது? ரீஜன் பார்க்க வேண்டுமா?

பதில்: 4கே டிஸ்க் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது, அதற்கு ரீஜன் தடையும் கிடையாது. சாதாரண ப்ளூ-ரேயில் ஏ என்பது அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா. பி ஐரோப்பா, ஆஸ்திரேலியா. சி இந்தியா, சீனா, ரஷ்யா. இசை டிஸ்க்குகள் பலவற்றில் மூன்றும் திறந்தே இருக்கும், இருந்தாலும் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

4கே கேமராவிலோ 35 எம்எம் ஃபிலிமிலோ எடுத்திருந்தால் 4கே வாங்குங்கள். 10 பிட் நிறம், அதாவது நிறங்களுக்கு இடையே நுணுக்கமான படிகள், இருப்பதால் புகையிலும் நீல ஒளியிலும் பட்டை பட்டையாகத் தெரிவது வெகுவாகக் குறையும். 1080ஐ-யில் எடுத்ததைப் பெரிதாக்கி 4கே என்று விற்பதாக இருந்தால் ப்ளூ-ரேயே போதும். எதில் எடுத்தார்கள், என்னென்ன ஒலி டிராக்குகள் என்ற இரண்டும் அறிவிப்பில் இல்லாவிட்டால், அவை வெளிவரும்வரை முன்பதிவு செய்யாமல் இருங்கள்.