பால்கன் லின்க்ஸ்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லின்க்ஸ் என்பது பெரிய காட்டுப்பூனைதானே?

பதில்: பூனைக் குடும்பம்தான், ஆனால் எடை சுமார் இருபது கிலோ. காது நுனியில் கறுப்பு மயிர்க்கற்றை, மையில் தோய்த்தெடுத்தது போன்ற கட்டை வால். பால்கன் லின்க்ஸ் என்பது யூரேசிய லின்க்ஸின் துணையினம். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில், வட மாசிடோனியா, அல்பேனியா, கொசோவோ மலைக்காடுகளில் வாழ்கிறது. வட மாசிடோனியாவின் 5 தெனார் நாணயத்திலும் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: லின்க்ஸுக்கு ஆபத்தே இல்லை என்று படித்தேனே?

பதில்: யூரேசிய லின்க்ஸ் முழு இனத்துக்கு அது சரி. ரஷ்யக் காடுகளில் நிறைய உண்டு. பால்கன் துணையினத்தில் வளர்ந்தவை ஐம்பதுகூட இல்லை. 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். இதை 'மிக அருகியது' என்ற பிரிவில் சேர்த்தது. மொத்தக் கணக்கைக் காட்டி நிம்மதியடைவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: கண்ணிலேயே படாததை எப்படி எண்ணுகிறார்கள்?

பதில்: தானியங்கிக் கேமராக்களால். உடற்புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றைப் போல் மற்றொன்று இராது.

கேள்வி: காடு இருந்தும் ஏன் பெருகவில்லை?

பதில்: மரம் இருக்கிறது, மான் இல்லை! ஒரு லின்க்ஸுக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு ரோ மான் (ஐரோப்பியச் சிறு மான்) வேண்டும். அந்த மானையும் காட்டு முயலையும் மனிதர்களே கள்ளத்தனமாகச் சுட்டுத் தீர்க்கிறார்கள், லின்க்ஸும் சுடப்படுகிறது. மரம் வெட்டுவதும் சேர்ந்துகொள்கிறது. குட்டிகள் பிறப்பது உறுதியான இடங்கள் மிகச் சில: வட மாசிடோனியாவின் மாவ்ரோவோ தேசியப் பூங்கா, அல்பேனியாவின் முனெல்லா மலை. அந்த மாவ்ரோவோவிலேயே ஒரு நீர்மின் அணை கட்டப் பார்த்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. ஐரோப்பிய மறுகட்டமைப்பு மற்றும் வளர்ச்சி வங்கி, அணைக்குத் தருவதாக இருந்த கடனை 2017-இல் ரத்து செய்தது.

கேள்வி: வேறு நாட்டிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன?

பதில்: ஸ்லோவேனியாவில் 1973-இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆறு லின்க்ஸ்களை விட்டார்கள். பெருகின. ஆனால் எல்லாம் அந்த ஆறின் வாரிசுகள். உறவுக்குள்ளேயே இனம்பெருகி நலிந்தன. பிறகு ருமேனியா, ஸ்லோவாக்கியாவிலிருந்து மீண்டும் புதியவற்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பால்கனிலும் உள்ளினப்பெருக்கம் பெரும் கவலை. வெளி இரத்தம் கலந்தால் உயிர் பிழைக்கலாம். துணையினத்தின் தனித்தன்மை மங்கும். என்னைக் கேட்டால், முதலில் மானைக் காக்க வேண்டும். இரையில்லாத காட்டில் எந்த நாட்டு லின்க்ஸை விட்டாலும் பட்டினிதான்.

கேள்வி: இந்தியாவில் லின்க்ஸ் உண்டா?

பதில்: உண்டு, லடாக்கில். அது வேறொரு துணையினம்.