டிக்கெட் இருக்கட்டும், முதலில் பாஸ்போர்ட்

கேள்வி: எனக்கு 56 வயது. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். துபாயில் வேலை பார்க்கும் மகன், மருமகளின் பிரசவத்துக்கு வரச் சொல்கிறான். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. என் பாஸ்போர்ட் ஏழு மாதத்தில் முடிகிறது. அதில் என் பெயர் மட்டுமே இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஆதாரில் முன்னெழுத்தோடு பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) முத்திரையும் உண்டு. டிக்கெட் இப்போது மலிவு, உடனே எடுத்துவிடுங்கள் என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, பாட்டியாகப் போகிறீர்கள், வாழ்த்துகள். டிக்கெட் மட்டும் இப்போது வேண்டாம். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் பெயரை மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது. உங்கள் பெயரோ பாஸ்போர்ட்டில் மாறவேண்டிய நிலையில் இருக்கிறது.

அமீரகத்துக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும். நீங்கள் கிளம்பும்போது உங்களுடையதில் மூன்று மாதம்தான் இருக்கும். ஆகவே எப்படியும் புதுப்பித்தாக வேண்டும். இதை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதி, பெயர், முத்திரை ஆகிய மூன்று சிக்கலும் ஒரே விண்ணப்பத்தில் தீர்ந்துவிடும்.

இவற்றில் பெயர்தான் பெரிய விஷயம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. அந்தத் தளர்வை நம்பிப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். விமான நிலைய கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு கணம் சந்தேகப்பட்டாலும், அந்த நேரத்தில் விதியை விளக்கி வாதாடவேண்டியவர் நீங்கள்தான். தனியாகப் பயணம் செய்யும் ஒரு தாய்க்கு அந்தத் தவிப்பு எதற்கு?

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் போட்டால் போதும், அதற்குள் அப்பாவோ கணவரோ அடங்கிவிடுவார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முன்னெழுத்துக்கு இடமில்லை. அதை முழுப் பெயராக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதவேண்டும். அப்பா பெயரா, கணவர் பெயரா என்று குழம்பவேண்டாம். உங்கள் ஆதார், பான், வாக்காளர் அட்டை ஆகியவற்றில் எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ, அதையே எழுதுங்கள். முதலில் ஆதாரில் முன்னெழுத்தை விரிவாக்கிக்கொள்ளுங்கள். விரிந்த பெயருள்ள பான் அட்டையோ வாக்காளர் அட்டையோ அதற்குச் சான்றாகும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். மையத்தில் தட்டச்சு செய்கிறவர் ஒவ்வோர் எழுத்தையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. மகனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மீனாட்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘கே எஸ் எச்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘டி சி எச்’ போட்டு எழுதுவார். மகன் உங்களுக்கு விசா கேட்கும்போது உறவுக்குச் சான்று காட்டவேண்டி வரும். அங்கே இரண்டு எழுத்துமுறை இருந்தால் தாயும் மகனும் தாள் அளவில் அந்நியராகிவிடுவீர்கள். உங்கள் பெயருக்கு எந்த எழுத்துமுறை என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இ.சி.ஆர். முத்திரை பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் போடுவது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏமாற்றப்படாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. மகனைப் பார்க்கப் போகும் உங்களுக்கு அது தடையில்லை. ஆனாலும் 50 வயது கடந்தவர்களுக்கு அந்த முத்திரையே தேவையில்லை. விண்ணப்பத்தில் இ.சி.ஆர். விலக்குக்குத் தகுதி உண்டா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று குறித்து, வயதுச் சான்றைக் காட்டுங்கள். புதிய புத்தகம் முத்திரையில்லாமல் வந்துவிடும்.

விண்ணப்பத்தை அரசின் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் மட்டும் செய்யுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. உங்களுக்குத் தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. பெயர் மாறுவதால் போலீஸ் விசாரணை வரலாம், அப்போது வீட்டில் இருங்கள்.

புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண் வரும், விசா அந்த எண்ணுக்குத்தான் கிடைக்கும். எனவே மகன் அதன் பிறகே விண்ணப்பிக்கட்டும். வருகை விசா 30 நாளுக்கும் உண்டு, 60 நாளுக்கும் உண்டு. பிரசவம் தேதி பார்த்து வருவதில்லை, அதனால் 60 நாளே கேளுங்கள். கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். விசா வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் சரிபார்த்துவிட்டு, போக வர இரு வழிக்கும் டிக்கெட் எடுங்கள்.

கைப்பையில் விசா, டிக்கெட், மகனின் அமீரக அடையாள அட்டை நகல், வீட்டு வாடகை ஒப்பந்த நகல் ஆகியவை அச்சில் இருக்கட்டும். மகனின் முகவரியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோகலாம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால், மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரைக்கும் கடுமையான வலி மாத்திரைக்கும் அங்கே முன் அனுமதி வாங்கவேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்கென்று மருந்துச் சாமான் கட்டிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். அதில் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக்கூடாது. அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் சிறைவரை போகும். கடையில் அரைத்துக் கட்டிய மசாலாப் பொடியிலும் கலந்திருக்கலாம். சந்தேகமான பொட்டலம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.