"நான் போயி" என்று எழுதும் பெண்ணுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 28 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்த நாளைப் பற்றி ஒரு பெண் வகுப்பில் சொன்னாள். எல்லாரும் அசையாமல் கேட்டோம். கிறிஸ்துமஸ் பரீட்சையில் அவளுக்கு 40க்கு 11. கைடை ஒப்பித்து எழுதிய பையனுக்கு 36. அவனால் சொந்தமாக மூன்று வாக்கியம் பேச முடியாது. மார்க் போட்ட எனக்கே மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, சித்தூர் தாலுகா, பாலக்காடு

பதில்: டீச்சர், உங்கள் மனசு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் போட்ட மார்க்கை மாற்ற வேண்டாம். ஒருத்திக்கு மட்டும் கூட்டிப் போட்டால் மற்ற 27 பேருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? மாற வேண்டியது அடுத்த கேள்வித்தாள்.

முதலில் அந்தப் பெண்ணின் விடைத்தாளைத் திரும்ப எடுங்கள். சிவப்புப் பேனா வேண்டாம், பென்சில் போதும். பிழைகளை வகை பிரித்துப் பாருங்கள். "நான் வாய்க்காலுக்குப் போயி. அம்மா வந்து." இந்த மாதிரி வாக்கியங்கள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழாகப் படித்தால் பாதியில் நிற்கிற வாக்கியம். மலையாளத்தில் "ஞான் போயி" முழு வாக்கியம். அவன் போயி, அவள் போயி, அவர் போயி. ஆள் மாறினாலும் வினை மாறுவதில்லை. நமக்கோ போனேன், போனான், போனாள், போனார்கள் என்று ஆளுக்கொரு விகுதி. வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளைக்கு அது தானாக வந்துவிடுவதால், நாம் அதைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பதே இல்லை. சொல்லித் தராததற்கு அவளிடம் மார்க்கைப் பிடித்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் 14 இடத்தில் இதே பிழை வந்தாலும் அது ஒரே பிழைதான். ஒரு தடவை மட்டும் கழியுங்கள். அப்புறம் ஒரு வாரம், தினம் பத்து நிமிஷம் அதையே நடத்திவிட்டு, மறுபடி ஒரு சின்னத் தேர்வு வையுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் "ஆடு வெள்ளம் குடித்தது" என்று எழுதியிருந்தான். "ஆற்று வெள்ளத்தையா குடித்தது?" என்று வகுப்பில் சத்தமாகக் கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அது எனக்கும் தெரியும், இருந்தும் அந்த நேரம் தோன்றவில்லை. அந்த வருஷம் முழுக்க அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. இதே பிள்ளைகள் மழை, புழு, வாழை என்று ழகரத்தை எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள்! மலையாளத்திலும் ழ இருக்கிறதே. வாய்விட்டுப் படிக்கச் சொல்லும்போது அதையும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த தாள். பாடத்தின் பின்னால் இருக்கிற கேள்வியையே கேட்டால் ஞாபகசக்திதான் தெரியும். மனப்பாடம் மட்டமானது என்று சொல்ல மாட்டேன். செய்யுளுக்கு அது வேண்டும். அதற்கு உரிய மார்க்கை அங்கேயே கொடுத்துவிடுங்கள். மற்றபடி பிள்ளைகள் முன்பு பார்க்காத ஒரு பத்தியைக் கொடுங்கள். ரேஷன் கடை அறிவிப்பாக இருக்கலாம், விதை பாக்கெட்டின் பின்பக்கமாக இருக்கலாம்.

இன்னொரு முறையும் உண்டு. பத்தியில் ஏழு சொல்லுக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டு, இடத்தை நிரப்பச் சொல்வது. ஆங்கிலப் பத்திகள் படிக்க எளிதா, கடினமா என்று பார்க்க 1953இல் வில்சன் டெய்லர் என்பவர் அமைத்தது; பிறகு மொழித் தேர்வாகவும் ஆனது. தமிழுக்கு அப்படியே எடுத்தால் பிள்ளைகள் திணறுவார்கள். நம் சொல்லில் வேற்றுமை, காலம், ஆள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் வேர்ச்சொல்லைக் கொடுத்துவிடுங்கள்: "அக்கா நேற்று சந்தைக்கு ______ (போ)." உங்கள் பெண்ணுக்கு வேண்டியதும் இதுதான். மற்ற இடங்களில், நீங்கள் எடுத்த சொல்லே வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், பொருந்துகிற எதுவும் சரி.

பேச்சுக்கு மார்க் கட்டாயம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம். 14 வேலை நாளில் வகுப்பே முடிந்துவிடும். எல்லார் முன்னாலும் நிறுத்தாமல் வராந்தாவில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்வது புரிகிறதா, முன்பின் சரியாக வருகிறதா, ஒரு சொல் கிடைக்காதபோது வேறு சொல்லால் சமாளிக்கிறாளா, இந்த மூன்றும் போதும். நடுவில் திருத்தாதீர்கள். முடிந்தால் நாலைந்து பேருக்கு இன்னொரு டீச்சரையும் கூட உட்கார்ந்து மார்க் போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் மார்க்கும் ரொம்ப விலகினால், எதற்கு எவ்வளவு என்று முதலில் நீங்கள் இருவரும் பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தாள் திருத்தும்போது பேர் எழுதிய மூலையை மடித்துவிடுங்கள். முதல் கேள்வியை 28 தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். கைடுப் பையனின் அழகான கையெழுத்தில் நமக்கே தெரியாமல் மார்க் கூடிவிடும்.

அவனையும் விட்டுவிடாதீர்கள். 36 வாங்கியவன் என்று யாரும் அவனைக் கவனிக்க மாட்டார்கள். "மழைநீர் சேமிப்பு" என்று கேட்டால் ஒப்பிப்பான். "உங்கள் வீட்டுக் கிணற்றில் போன சித்திரையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, வீட்டில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்து வரி வந்தால் போதும், அதற்கு மார்க் போடுங்கள்.

இந்தப் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் போகும்போது தமிழ்த் தாளில் 40 மதிப்பெண் எழுத்துத் தேர்வோடு, வகுப்பிலேயே டீச்சர் பார்த்துப் போடும் தொடர் மதிப்பீட்டுக்கும் 10 மதிப்பெண் உண்டு. அந்தப் பத்தை எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிட்டால் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வையுங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வாய்க்கால் கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். அவள் வாயில் வருகிறபடியே, "போயி", "வந்து" உட்பட, நீங்கள் எழுதிக்கொடுங்கள். எங்கெங்கே போனேன், வந்தாள் என்று வர வேண்டும் என்று அவளே பென்சிலால் மாற்றட்டும். எத்தனையை அவளாகக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.