வாத்து அப்பாவும் ரோடு இன்ஜினியரும்

கேள்வி: ஏனுங்க, குங்ஃபூ பாண்டா கார்ட்டூன் படத்துல நூடுல்ஸ் கடை வெச்சிருக்கற வாத்து அப்பாவுக்கு இங்கிலீஷ்ல பேசுனவரும், எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் படத்துல வீல்சேர்ல வர்ற தாத்தாவும் ஒரே ஆளுன்னு எம்பட பையன் அடிச்சுச் சொல்றான். நெசமா? அவன் வேற சிவில் முடிச்சுப்போட்டு வேலைக்குப் போகாம ஷார்ட் ஃபிலிம் ஷார்ட் ஃபிலிம்னு கோயமுத்தூருக்கே ஓடறானுங்க.
- வாசகி, பெருந்துறை

பதில்: நெசந்தானுங்க அம்மணி. ரெண்டும் ஜேம்ஸ் ஹாங் தான், 1929ல மினியாபொலிஸ்ல பொறந்த சீன அமெரிக்கரு. இதுல கூத்து என்னன்னா அவரும் சிவில் இன்ஜினியருங்க! லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில ரோடு இன்ஜினியரா இருந்துக்கிட்டு லீவப் போட்டுப் போட்டு ஷூட்டிங் போயி, கடைசில வேலையவே விட்டுப்போட்டாரு. (இந்தப் பக்கத்தப் பையன் கண்ணுல காட்டீராதீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல.)

அதுக்கப்புறம் படம், சீரியல், கார்ட்டூன் குரல்னு எல்லாஞ் சேத்து 600க்கு மேல போயிருச்சு. ஹீரோன்னு பாத்தா கிட்டத்தட்ட எதுலயும் இல்ல. சீன மூஞ்சின்னா சின்ன வேஷந்தான்னு ஒதுக்கி வெச்ச காலம், சீனாக்காரன் மெயின் ரோலா இருந்தா வெள்ளைக்காரனுக்கே கண்ணு ஓரத்துல டேப் ஒட்டி நடிக்க வெச்சிருக்காங்க, கொடுமைங்க. இவரு 1965ல கூட்டாளிகளோட சேந்து ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்னு நாடகக் கம்பெனியே ஆரம்பிச்சுட்டாரு, அது இன்னைக்கும் நடக்குது. 1982ல வந்த பிளேட் ரன்னர் படத்துல ஐஸ் மாதிரி ரூமுக்குள்ள கோட்டு போட்டுக்கிட்டு செயற்கை மனுசங்களுக்குக் கண்ணு செஞ்சு குடுக்கறவரு இவருதான்.

எனக்குப் புடிச்சது சைன்ஃபெல்ட்ங்கற அமெரிக்கக் காமெடி சீரியல்ல 1991ல வந்த ஒரு எபிசோடு. சைனீஸ் ஓட்டல்ல டேபிளுக்கு மூணு பேரு காத்துக் கெடக்கறாங்க, கதையே அவ்வளவுதான். நம்மூர் கல்யாணப் பந்தியில சாப்படறவங்க சேருக்குப் பின்னாடி நின்னு எப்ப எந்திரிப்பாங்கன்னு பாக்கற அதே அவஸ்தை. ஆள உக்கார வெக்கற மேனேஜரு ஹாங். எப்ப கேட்டாலும் அஞ்சு நிமிசம், பத்து நிமிசம்னு ஒரே பதில், மூஞ்சில ஒரு கோவமும் இல்ல சிரிப்பும் இல்ல. ஒருத்தனுக்கு போன் வருது, இவரு பேர மாத்திக் கூப்பிட்டு அந்தப் போனையே கெடுத்துடறாரு. கடைசில மூணு பேரும் வெறுத்துப்போயி வெளிய போனதும், காலி எடத்தப் பாத்து அதே குரல்ல அவங்க பேரக் கூப்பிடறாரு பாருங்க, அதுதாங்க நடிப்பு. எங்க சூலூர்க்காரரு, மறைஞ்ச நடிகர் மணிவண்ணனுக்கும் இந்த வித்தை தெரிஞ்சிருந்துச்சு, அலட்டிக்காம ஒரு பார்வையில சீனத் தூக்கிட்டுப் போயிருவாரு.

கேள்வி: ஜேம்ஸ் ஹாங்குக்கு ஆஸ்கர் குடுத்தாங்களா?
- வாசகர், பல்லடம்

பதில்: இல்லீங்க. எவ்ரிதிங் படத்துக்கு 7 ஆஸ்கர் வந்துச்சு, இவரு பேருல ஒண்ணும் இல்ல. ஹாலிவுட் நடைபாதையில பேரு போட்டுப் பதிக்கற ஸ்டாரே 2022ல, 93 வயசுல தான் கெடைச்சுது, அதுக்கும் நடிகர் டேனியல் டே கிம் முன்னாடி நின்னு ரசிகருங்ககிட்ட ஆன்லைன்ல வசூல் பண்ணித்தான் காசு கட்டுனாங்க.